ஜோடி மாறி ஆடும் இருபத்தெட்டு: சேலத்திலோ ஏற்காட்டிலோ ஒரு சீட்டுப் போட்டி நடத்த முழுமையான வழிகாட்டி

இருபத்தெட்டு, நாலு பேர் இரண்டு ஜோடியாக உட்கார்ந்து ஆடும் சீட்டாட்டம். அதை ஆடும் வீடுகளில் ஜோடி சீக்கிரம் உறைந்துபோய்விடும். மாமாவும் மச்சானும் ஒரு பக்கம் என்றால் பத்து வருஷமானாலும் அதே பக்கம்தான். ஒருவர் தொண்டையைச் செருமினால் மற்றவருக்கு ஜாக்கி எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். புதிதாக வந்து உட்காரும் மருமகளுக்கோ காலேஜ் படிக்கும் பையனுக்கோ அங்கே இடமே கிடைப்பதில்லை. தோற்றால் பழி, வழக்கம்போல, பார்ட்னர் தலையில்.

ஜோடி மாற்றி ஆடும் போட்டியில் இதெல்லாம் ஒரே மாலையில் மாறிவிடும். எட்டுப் பேர் ஆடினால் ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஒரு தடவை ஜோடி சேர்வார். அந்த ஏழு பேரையும் இரண்டிரண்டு தடவை எதிர்த்து ஆடுவார். மதிப்பெண் ஜோடிக்கு இல்லை, ஆளுக்கு. நல்ல ஆட்டக்காரர் எல்லோருக்கும் ஒரு சுற்று பார்ட்னராகக் கிடைக்கிறார். தடுமாறுகிறவரும் எல்லோருக்கும் ஒரு சுற்று வருகிறார். ஆகவே யாருக்கும் குறை சொல்ல வழியில்லை. சொந்தக்காரர்கள், அபார்ட்மென்ட்காரர்கள், பழைய வகுப்புத் தோழர்கள் என்று எந்தக் கூட்டத்தைச் சேர்த்து உட்கார வைப்பதற்கும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

இதற்கு அதிர்ஷ்டம் தேவையில்லை, சரியான அட்டவணை தேவை. அதை முதலில் பார்த்துவிடலாம். பந்தல், பலகாரமெல்லாம் அப்புறம்.

எட்டுப் பேருக்கான அட்டவணை

வருகிறவர்களுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். இரண்டு மேசை, ஏழு சுற்று.

1ஆம் சுற்று: முதல் மேசையில் 8–7 எதிர் 1–3, இரண்டாம் மேசையில் 2–6 எதிர் 4–5.
2ஆம் சுற்று: 8–1 எதிர் 2–4, 3–7 எதிர் 5–6.
3ஆம் சுற்று: 8–2 எதிர் 3–5, 4–1 எதிர் 6–7.
4ஆம் சுற்று: 8–3 எதிர் 4–6, 5–2 எதிர் 7–1.
5ஆம் சுற்று: 8–4 எதிர் 5–7; 6–3 எதிர் 1–2.
6ஆம் சுற்று: 8–5 எதிர் 6–1, 7–4 எதிர் 2–3.
7ஆம் சுற்று: 8–6 எதிர் 7–2, 1–5 எதிர் 3–4.

உற்றுப் பார்த்தால் சூட்சுமம் பிடிபடும். 8 அசைவதே இல்லை. மற்ற எண்கள் எல்லாம் சுற்றுக்கு ஒன்று கூடுகின்றன. 7க்கு அடுத்தது 1. முதல் சுற்றை மட்டும் சரியாக எழுதிவிட்டால் மற்ற ஆறும் தானாக வந்துவிடும். தாள் தொலைந்துபோனாலும் மேசையிலேயே உட்கார்ந்து திரும்ப எழுதிக்கொள்ளலாம். எட்டுப் பேருக்குள் அமையக்கூடிய ஜோடிகள் மொத்தம் 28. அத்தனையும் ஒரு தடவை வந்துவிடுகின்றன. இருபத்தெட்டு ஆடுகிறவர்களுக்கு இது தனி சந்தோஷம்.

விஸ்ட் என்ற பழைய ஆங்கிலச் சீட்டாட்டத்துக்காகத்தான் இப்படிப்பட்ட அட்டவணைகளைப் போட ஆரம்பித்தார்கள். 1896இலேயே அமெரிக்கக் கணிதவியலாளர் ஈ. எச். மூர் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். நான்கின் மடங்காக எத்தனை பேர் வந்தாலும் இப்படி அமைக்க முடியும் என்று பின்னால் நிரூபித்தும் விட்டார்கள். ஆகவே "சும்மா குலுக்கிப் போட்டு ஆடலாமே" என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். குலுக்கிப் போட்டால் ஒரே ஆளோடு மூன்று தடவை ஜோடி சேர்கிறவரும் இருப்பார், ஒரு தடவைகூடச் சேராதவரும் இருப்பார். அங்கேதான் முணுமுணுப்பு ஆரம்பிக்கும்.

அசையாத 8ஆம் எண்ணைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க வேண்டாம். கூட்டத்தில் முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் இருப்பார். அந்த எண் அவருக்கு. ஏழு சுற்றும் அவர் முதல் மேசையில் அதே நாற்காலியில் இருக்கலாம், ஜோடிகள் அவரைத் தேடி வரும். மற்ற ஏழு எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு சொம்பில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு பேர் என்றால்

மூன்று மேசை, பதினொரு சுற்று. முதல் சுற்று: 12–11 எதிர் 4–5, 1–10 எதிர் 2–8, 3–7 எதிர் 6–9. அடுத்த சுற்றில் 12 அப்படியே இருக்க, மற்றவை ஒன்று கூடும். 11க்கு அடுத்தது 1. அதாவது இரண்டாம் சுற்று 12–1 எதிர் 5–6. 2–11 எதிர் 3–9. 4–8 எதிர் 7–10. இப்படியே பதினொன்றாம் சுற்று வரை. இங்கேயும் ஒவ்வொருவரோடும் ஒரு தடவை ஜோடி, இரண்டு தடவை எதிர்.

போட்டியை நடத்துகிறவருக்கும் கை துறுதுறுக்கும், அது இயற்கை. பன்னிரண்டு பேரோடு அவரும் சேர்ந்து பதின்மூன்று ஆனால் அதற்கும் வழி உண்டு. முதல் சுற்றில் 13க்கு ஓய்வு. 1–12 எதிர் 5–8. 3–10 எதிர் 2–11. 9–4 எதிர் 6–7. இங்கே அசையாத எண் கிடையாது. எல்லா எண்ணும் ஒன்று கூடும், 13க்கு அடுத்தது 1. பதின்மூன்று சுற்றில் ஒவ்வொருவருக்கும் சரியாக ஒரு சுற்று ஓய்வு வரும். ஓய்வில் இருப்பவர்தான் அந்தச் சுற்றுக்கு மணியடிப்பவர், கணக்கு பார்ப்பவர், டீ சொல்பவர். நாள் முழுக்க இருக்கிறதென்றால் இதுதான் எனக்குப் பிடித்த அமைப்பு.

பதினாறு பேர் வந்தால் பதினைந்து சுற்று ஆட வேண்டும். ஒரே நாளில் இழுத்துவிடும். இரண்டு எட்டாகப் பிரியுங்கள். காலையில் இரண்டு குழுவும் ஏழு சுற்று. மதியம் ஒவ்வொரு குழுவிலும் முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு எட்டு, மற்றவர்கள் சேர்ந்து இன்னொரு எட்டு. மதியம் புதுக் கணக்கு. யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். தோற்றவர் வேடிக்கை பார்க்க உட்கார்ந்தால் கூட்டம் பிசுபிசுத்துவிடும்.

பத்து, பதினொன்று என்று இடைப்பட்ட எண்ணிக்கையில் திண்டாடாமல் இருக்க ஒரே வழி, முன்கூட்டியே உறுதி வாங்குவது. ஞாயிற்றுக்கிழமை போட்டி என்றால் வியாழக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் "வர்றேன்" என்று எழுதியவர்தான் பட்டியலில். அதோடு, ஆட்டம் தெரிந்த ஒருவரை மாற்றாளாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது கிளம்பிப் போனால் மாற்றாள் அந்த எண்ணில் உட்கார்வார்; மதிப்பெண் எண்ணோடு போகும்.

விதிகளை எழுதி அனுப்புங்கள்

இருபத்தெட்டின் அடிப்படை எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆஸ் முதல் ஏழு வரை 32 சீட்டு. ஜாக்கி 3, ஒன்பது 2, ஆஸ் 1, பத்து 1, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. ஒரு இனத்துக்கு 7, நான்குக்கும் சேர்த்து 28. முதலில் நான்கு சீட்டு, கேள்வி (இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்பது), துருப்பை (மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டை) கவிழ்த்து வைப்பது, பிறகு நான்கு சீட்டு. ராஜா ராணிக்கு மேல் ஜாக்கியும் ஒன்பதும் நிற்கும் இதே வரிசைதான் முன்னூற்று நாலு என்ற சீட்டாட்டத்திலும். அதனால் அதை ஆடிப் பழகியவர் அரை மணியில் இதைப் பிடித்துக்கொள்வார்.

சண்டை வருவது அடிப்படையில் இல்லை, வீட்டுக்கு வீடு மாறும் சில்லறை விதிகளில். சேலத்திலேயே குகைப் பகுதியில் ஒரு வீட்டில் ஆடுவது அஸ்தம்பட்டியில் இன்னொரு வீட்டில் செல்லாது. கேரளத்திலிருந்து வந்தவர் இருந்தால் அவர் விதி மூன்றாவதாக இருக்கும். எது சரி என்று வாதாடுவதில் பயனில்லை. அன்றைக்கு எது என்று முடிவு செய்து ஒரு பக்கத்தில் எழுதி முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். முடிவு செய்ய வேண்டியவை இவை.

கேள்வி 14இல் ஆரம்பம்; எல்லோரும் ஒதுங்கினால் முதல் ஆள் 14க்கு ஆடியே ஆக வேண்டும். சீட்டு போடுவதும் ஆடுவதும் வலப்பக்கமாக. சொந்த பார்ட்னரின் கேள்வியைத் தாண்ட வேண்டுமானால் 20 கேட்க வேண்டும் என்பது சில வீட்டு வழக்கம்; அதை வைத்துக்கொள்வது நல்லது, கேள்வி கட்டுக்குள் இருக்கும். முதலில் இறங்கிய இனம் கையில் இல்லாதவர்தான் துருப்பைத் திறக்கச் சொல்லலாம். திறக்கச் சொன்னவர் கையில் துருப்பு இருந்தால் அதைப் போட்டே தீர வேண்டும். துருப்பு ராஜா ராணி சேர்ந்திருந்தால் கேள்வியில் நான்கு குறைப்பது, கூட்டுவது எல்லாம் பழகிய கூட்டத்துக்குத்தான். புதியவர்கள் இருந்தால் விட்டுவிடுங்கள். தனியாக ஒருவரே எட்டுப் பிடியும் எடுக்கும் ஆட்டமும் இந்தப் போட்டிக்கு ஒத்துவராது. ஜோடியைத் தேடி வந்த இடத்தில் பார்ட்னரைக் கவிழ்த்து உட்கார வைப்பதில் அர்த்தமில்லை.

கையில் இனம் இருந்தும் வேறு போட்டால் அந்தக் கை, அதாவது அந்தத் தடவை சீட்டுப் போட்டு ஆடிய ஆட்டம், எதிராளிக்கு, கேள்வி தோற்ற கணக்கில். வேண்டுமென்றே செய்தாரா, கண் தெரியாமல் செய்தாரா என்று விசாரிக்க வேண்டாம்.

சாடை காட்டுவதைப் பற்றித் தாளில் ஒரு வரி போதும். ஜோடி இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறும்போது செருமலுக்கும் கண் சிமிட்டலுக்கும் அர்த்தம் உருவாக நேரமே கிடைக்காது.

மதிப்பெண்

மைனஸ் வேண்டாம். கூட்டல் மட்டும் இருந்தால் கணக்கும் சுலபம், வயதானவர்கள் மனசும் கஷ்டப்படாது. 14 முதல் 19 வரை கேட்டு ஜெயித்தால் ஜோடியில் ஒவ்வொருவருக்கும் 1. தோற்றால் எதிராளிகள் ஒவ்வொருவருக்கும் 2. 20 முதல் 24 வரை என்றால் 2, தோற்றால் 3. 25உம் அதற்கு மேலும் என்றால் 3, தோற்றால் 4. தோல்விக்கு எப்போதும் ஒன்று கூட வைத்திருப்பதால் வெறும் வீம்புக்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு சுற்றுக்கு நான்கு கை. ஒவ்வொருவரும் ஒரு தடவை சீட்டுப் போடுவார்கள் என்பதால் நான்கு என்பதை மாற்றாதீர்கள். ஒரு கைக்கு நாலைந்து நிமிஷம். சுற்றுக்கு இருபது நிமிஷம் பிடிக்கும். இருபத்திரண்டாம் நிமிஷம் மணி. கையில் சீட்டு இருந்தால் அந்தக் கையை முடிக்கலாம், புதிதாகப் போடக் கூடாது. எட்டுப் பேருக்கு இடைவேளையோடு மூன்று மணி நேரம், பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு போக நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனி அட்டை கொடுப்பதில் கொஞ்சம் மெனக்கெடுங்கள். 3ஆம் எண்காரரின் அட்டையில் இப்படி இருக்க வேண்டும்: "1ஆம் சுற்று, முதல் மேசை, பார்ட்னர் 1. 2ஆம் சுற்று, இரண்டாம் மேசை, பார்ட்னர் 7. 3ஆம் சுற்று, முதல் மேசை, பார்ட்னர் 5. 4ஆம் சுற்று, முதல் மேசை, பார்ட்னர் 8." அடுத்த மூன்று சுற்றும் இரண்டாம் மேசை; பார்ட்னர் 6, 2, 4. பக்கத்தில் மதிப்பெண் எழுத ஒரு கட்டம், எதிராளி ஒருவர் கையெழுத்துப் போட இன்னொரு கட்டம். இது இருந்தால் சுற்று முடிந்ததும் "நான் எங்கே போகணும்?" என்ற கூச்சலே எழாது.

மேசையிலும் ஒரு தாள் இருக்கட்டும். ஒரு சுற்றில் இரு பக்கமும் எடுத்ததைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் நாலு அட்டைகளின் கூட்டுத்தொகை வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். சாயங்காலம் வரை விட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சமன் ஆனால் தீர்க்கும் வழி அட்டவணையிலேயே இருக்கிறது. எந்த இருவரும் சரியாக இரண்டு சுற்று எதிரெதிரே ஆடியிருப்பார்கள். அந்த இரண்டு சுற்றில் அதிகம் எடுத்தவர் முன்னால். அதுவும் சமம் என்றால் இடத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும்.

காசு கூடாது

இதில் தயக்கமே வேண்டாம். பணம் வைத்து ஆடினால் 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் குறுக்கே வரும். அதோடு, பத்து ரூபாயானாலும் காசு வந்துவிட்டால் பார்ட்னரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். சாப்பாட்டுச் செலவைப் பகிர்ந்துகொண்டால், அந்தப் பணத்திலிருந்து பரிசு வாங்காதீர்கள்; பரிசு யாராவது ஒருவர் அன்பளிப்பாகத் தரட்டும். ஏற்காட்டில் லாட்ஜோ தங்கும் விடுதியோ எடுத்தால், சீட்டாடப் போகிறோம், காசில்லாமல் ஆடுகிறோம் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். சீட்டுக்கட்டைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் நிர்வாகங்கள் உண்டு. கடைசி நேரத்தில் தெரிந்தால் கூடத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

இடமும் நாளும்

சேலத்தில் மார்ச் முதல் மே வரை மதியத்தில் எட்டுப் பேரை ஒரே அறையில் உட்கார வைப்பது கொடுமை. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து பன்னிரண்டுக்கு முடித்துவிடுங்கள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். மொட்டை மாடி ஆசை எல்லோருக்கும் வரும். சின்னக் காற்றுக்கே கவிழ்த்து வைத்த துருப்பு திரும்பிவிடும், ஆட்டம் போச்சு. மின்விசிறிக்கு நேர் கீழேயும் மேசை போடாதீர்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களில் வைத்தால் ஆள் சேராது.

ஏற்காடு என்றால் மே மாதத்தைத் தவிருங்கள். கோடை விழா நேரத்தில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் பாதிப்பேர் களைத்துவிடுவார்கள். மழைக்காலத்திலும் மூடுபனியிலும் மலையில் ஈரம் அதிகம். அட்டைச் சீட்டு ஊறி ஒன்றோடொன்று ஒட்டும், கலைக்கவே வராது. பிளாஸ்டிக் சீட்டுதான் அங்கே சரி. மேசைக்கு இரண்டு கட்டு, முதுகு நிறம் வேறு வேறாக வாங்குங்கள். ஒன்று ஆட்டத்தில் இருக்கும்போது மற்றதைப் போன கை போட்டவர் கலைத்து வைத்தால் சுற்றுக்கு மூன்று நிமிஷம் மிச்சம். இரண்டு முதல் ஆறு வரையிலான சீட்டுகளை வீட்டிலேயே எடுத்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். கூடத்தில் செய்தால் ஒரு ஆறு எப்படியாவது உள்ளே புகுந்துவிடும்.

மேசை மேல் ஒரு பருத்திப் போர்வை விரியுங்கள். வழவழப்பான மேசையில் சீட்டை நகத்தால் கிளப்ப வேண்டியிருக்கும். போர்வை மேல் சுலபமாக எடுபடும். தரையில் ஜமக்காளம் விரித்து ஆடுவது அழகுதான், ஆனால் ஆறு தடவை எழுந்து இடம் மாற வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தட்டுவடை செட் தனி மேசையில்

சேலத்தில் கூட்டம் கூடினால் தட்டுவடை செட் இல்லாமல் இருக்காது, இருக்கவும் கூடாது. ஆனால் இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே காரச் சட்னி, பச்சைச் சட்னி. ஒரு கடி கடித்தால் பாதி கைக்கு வரும். பீட்ரூட் சாயம் ஆர்ட்டின் ஜாக்கி முதுகில் ஒரு விரல் அளவுக்கு விழுந்தால் போதும், அதற்கப்புறம் அந்த ஜாக்கி யார் கையில் இருக்கிறதென்று மேசைக்கே தெரியும். அதனால் பலகாரம் அறையின் மறுகோடியில், பக்கத்தில் ஈரத்துணியும் தண்ணீரும். மூன்றாம் சுற்று முடிந்ததும் கால் மணி நேரம் இடைவேளை கொடுங்கள். சுற்றுக்கு நடுவே தட்டு வரக் கூடாது. டீ, காபி மட்டும் மேசைக்கு வரலாம், நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆட்டம் நடக்கும்போது

ஆரம்பத்தில் மதிப்பெண் இல்லாமல் ஒரு கை ஆடவிடுங்கள். விதித் தாளைப் படிக்காதவர்கள் யாரென்று அங்கே தெரிந்துவிடும்.

புதியவரோடு ஜோடி சேரும் மூத்த ஆட்டக்காரர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் போட்டியின் ருசி இருக்கிறது. "என்னம்மா, அந்த ஒன்பதை அப்பவே போட்டிருக்கலாம்ல?" என்று பெரியப்பா கேட்பார், "உங்க கையில ஜாக்கி இருக்குன்னு எனக்கு எப்படிங்க பெரியப்பா தெரியும்?" என்று பெண் திருப்பிக் கேட்பாள். நியாயமான கேள்வி. கை முடிந்ததும் ஒரு நிமிஷம் பேசிக்கொள்ளட்டும், நடுவில் பேச்சு வேண்டாம். தீர்ப்புச் சொல்ல ஒரே ஆள் இருக்க வேண்டும், அவர் சொன்னதே முடிவு. அவர் ஆடுகிறவராக இருந்து அவர் மேசையிலேயே தகராறு வந்தால் அடுத்த மேசைக்காரர் ஒருவர் சொல்லட்டும்.

நாலாம் சுற்று முடிந்ததும் அதுவரையான மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். ஆறாம் சுற்றுக்குப் பிறகு ஒட்டாதீர்கள். கடைசிச் சுற்றில் தன் பார்ட்னரே தன்னை முந்திவிடுவார் என்று தெரிந்தால் சிலருக்கு ஆட மனசு வராது.

பரிசு

முதல் மூன்று இடத்துக்கு ஏற்காடு காபித்தூள், மிளகு. மாம்பழக் காலமென்றால் இமாம்பசந்தோ மல்கோவாவோ ஒரு கூடை. சேலத்து ஜவ்வரிசி வடகம் ஆளுக்கு ஒரு பொட்டலம் எல்லோருக்கும். இவற்றைவிட முக்கியமான ஒரு பரிசை மறக்காதீர்கள்: ஒரே சுற்றில் அதிக மதிப்பெண் எடுத்த ஜோடிக்கு. எந்த ஜோடியும் ஒரு தடவைதான் சேர்ந்து ஆடுகிறது என்பதால், அன்றுதான் முதன்முதலாகப் பேசிக்கொண்ட இருவர் இதைத் தட்டிச்செல்ல நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்தப் பரிசை முதல் பரிசுக்கும் பின்னால், கடைசியாகக் கொடுங்கள்.

மலையில் நடத்தினால் பரிசளிப்பு உட்பட எல்லாம் நாலரை மணிக்குள் முடியும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஆரம்ப நேரத்தை வையுங்கள். இருட்டுக்கும் பனிக்கும் முன்னால் வண்டிகள் அடிவாரம் சேர்ந்துவிட வேண்டும். பதின்மூன்று சுற்று ஆட ஆசைப்படுகிறவர்கள் முந்தின நாள் இரவே மேலே வந்து தங்கிவிடுவது நல்லது.